சுவீடன் தட்டு

எங்கள் வீட்டில் கருப்பாக எதைக் கண்டாலும் துடைத்துவிடுவோம். ராயபுரத்தில் துறைமுகத்து மதிலுக்குப் பின்னால் மூன்றாவது தெருவில், மாடியில் குடியிருந்தவர்கள் வேறென்ன செய்ய முடியும்? அப்போது துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். கொடியில் காயும் வெள்ளைச் சட்டை, தண்ணீர்க் குடத்து மூடி, மாடத்தில் நிற்கும் மாதா சுரூபத்தின் தோள் என்று எல்லாவற்றிலும் மை தடவியதுபோல் ஒரு படலம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஈரத்துணியை எடுத்து வீட்டைத் துடைப்பது என் வேலை. அம்மா ஒருநாளும் துடை என்று சொன்னதில்லை. துணியை என் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மாதாவின் மூக்கு நுனியைக்கூட விடமாட்டேன்.

இந்தக் கர்வம்தான் என் ஒன்பதாவது வயதில் சித்தப்பாவின் கல்யாணத்துக்கு உலை வைக்கப் பார்த்தது.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. ஒன்பது மாதம் கடலில் இருப்பார், மூன்று மாதம் எங்கள் வீட்டில் இருப்பார். அந்த மூன்று மாதமும் ஒரு ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார். கொழுந்தனுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். பாடகர் குழுவில் இரண்டாவது வரிசையில் நின்று பாடிய ஓர் அக்காவுக்காகத்தான் அந்தப் பக்தி என்பது தெருவுக்கெல்லாம் தெரிந்த பிறகே எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது. அந்த அக்காதான் பிற்பாடு என் சித்தி. ஆகவே இப்போதே சித்தி என்று சொல்லிவிடுகிறேன்.

சித்தியின் அப்பா ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீடு திருவொற்றியூரில். அந்தக் காலத்தில் ராயபுரத்தில் ரயில்வே குடியிருப்பில் இருந்த பழக்கத்தால் ஞாயிறு பூசைக்கு மகளோடு எங்கள் மாதா கோவிலுக்கே வருவார். அப்பா இரண்டு தடவை போய்ப் பெண் கேட்டார். இரண்டு தடவையும் காபி கிடைத்தது, பெண் கிடைக்கவில்லை.

"நான் ரயிலு ஓட்டினவன். வாரத்துக்கு மூணு நாள் வூட்ல கீற ஆளுக்கே எம் பொண்டாட்டி இன்னா பாடு பட்டான்னு எனக்குத் தெரியும். ஒம்பது மாசம் கடல்ல கீற ஆளுக்குப் பொண்ணக் குடுத்துட்டு நான் நிம்மதியா தூங்குவனா?" என்றாராம்.

அப்பா அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னார்.  நியாயமான கேள்விக்கு எங்கே போய்ப் பதில் தேடுவது?

ஆனால் சித்தியிடம் ஒரு யோசனை இருந்தது. அவள் அப்பாவுக்குப் பழைய இங்கிலீஷ் பாட்டு என்றால் உயிர். மரப்பெட்டி வைத்த ஒரு ரிக்கார்டு பிளேயரும், ஒரு அலமாரி நிறைய இசைத்தட்டுகளும் வைத்திருந்தார். அவற்றை வேறு யாரும் தொட முடியாது. புதுப் பாட்டு காதில் விழுந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவார். 'பழைய தட்டு ஒன்று கொண்டுவந்து கொடு, மனசு இளகும்' என்று சித்தி சொல்லி அனுப்பினாள். சித்தப்பா அதை மனதில் முடிந்துவைத்துக்கொண்டு கப்பல் ஏறினார்.

அந்த முறை அவருடைய கப்பல் சுவீடனில் ஒரு துறைமுகத்துக்குப் போனது. கரையிறங்க இரண்டு மணி நேரம் கிடைத்தது. பனியில் நடந்து ஒரு பாட்டுக் கடையைக் கண்டுபிடித்து, மார்பு வரை தாடி வைத்திருந்த கடைக்காரரிடம், "ஓல்டு, வெரி ஓல்டு" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் நிறையப் பேசினார். சித்தப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே ஒரு தட்டை எடுத்துக் கொடுத்தார். உறையைப் பார்த்ததுமே சித்தப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நூறு கை மாறியதுபோல் தேய்ந்துபோன உறை.

ஊருக்கு வந்ததும் செய்தித்தாளில் சுற்றிய அந்தத் தட்டைத் தூர இருந்தே எங்களுக்குக் காட்டினார். "யாரும் கைய வெக்கக் கூடாது சொல்லிட்டேன். எம் வாழ்க்க இதுலதான் கீது" என்றார். அரிசி டிரம்முக்கு மேல் அதை வைத்தார். பெண்வீட்டாருக்கு மூன்றாவது தடவையாகச் சொல்லியனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வரச் சொன்னார்கள். இந்தத் தடவையும் இல்லை என்றால் வேறு இடத்தில் பெண்ணுக்குப் பேசி முடித்துவிடுவார்கள் என்று சித்தி அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். அந்தத் தடவை லீவு குறைவு; இன்னும் மூன்று வாரத்தில் சித்தப்பா கப்பல் ஏறவேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தாள். நான் வழக்கம்போல் ஜன்னல் கம்பி, கதவு, மாதா என்று முடித்துக்கொண்டு அரிசி டிரம்மிடம் வந்தேன். செய்தித்தாள் ஓரம் பிரிந்து உறை எட்டிப் பார்த்தது. தாளை முழுதாக விலக்கினேன். காவி நிறத்தில் பெரிய பெரிய வட்டங்கள். கோடுபோட்ட தொளதொள கால்சட்டையில் நான்கு ஆண்கள், கொண்டையைக் கோபுரமாகக் கட்டிய ஒரு பெண். அவர்களுக்குக் கீழே குழுவின் பெயர். முந்தின நாள் அப்பா அதை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் நடுவில், பானையை இறக்கி வைத்த தடம்போல் வெளுத்த ஒரு வளையம்.

அழுக்கு என்றால் என் கை சும்மா இருக்குமா? வளையத்தைத் துடைத்தேன், போகவில்லை. அழுத்தித் துடைத்தேன், அப்போதும் போகவில்லை. அந்த இழுபறியில் உறைக்குள் இருந்த தட்டு வழுக்கிக்கொண்டு என் மடியில் வந்து விழுந்தது.

அவ்வளவு கருப்பான பொருளை அதுவரை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த பாட்டுத் தட்டு சிடிதான். அது கண்ணாடிபோல் மின்னும், முகம் பார்க்கலாம். ஆகவே இதுவும் மின்னவேண்டிய பொருள்தான், கப்பலிலும் எங்கள் வீட்டிலுமாக நிலக்கரித் தூள் ஏறிப்போயிருக்கிறது என்று முடிவு செய்தேன். துடைத்தால் உள்ளே இருக்கும் வெள்ளி தெரியும். சித்தப்பா பார்த்து அசந்துபோவார். ஜன்னல் கம்பியைத் துடைத்த அதே துணியால் துடைத்தேன். துணியில் கருப்பு இருந்தது. அது கம்பியின் கருப்பு என்று தோன்றவில்லை, சரியாகத்தான் போகிறது என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். வட்டமாகத் தேய்த்தது போதாதென்று குறுக்கேயும் இழுத்தேன்.

வெள்ளி வரவில்லை. ஈரம் காய்ந்ததும் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.  தட்டு முழுக்கக் கோடு, மயிரிழை மாதிரி சுற்றிச் சுற்றி ஆயிரம் கோடுகள். பாட்டுத் தட்டில் அவை இருக்கத்தான் வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? எல்லாம் என் துணி கிழித்தவை என்றே நினைத்தேன். அவற்றுக்குக் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடும் இருந்தது. ஆயிரத்தில் அதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். தட்டை உறையில் திணித்து, செய்தித்தாளைச் சுற்றி, இருந்த இடத்தில் வைத்தேன். அன்று மாதாவின் முகத்தை மறுபடி நிமிர்ந்து பார்க்கவில்லை.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. எனக்கு அந்த மாதம் புது நன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும். செய்த பாவங்களை ஒரு தாளில் எழுதிப் பழகச் சொல்லியிருந்தார் மறைக்கல்வி சிஸ்டர். ஒரு வாரமாக என் தாளில் மூன்று பாவங்களுக்கு மேல் தேறவில்லை. சர்க்கரை திருடியது, பூசையில் பேசியது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைத்தது. என் தோழி பதினொன்று வைத்திருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. இப்போது ஒரே நாளில், பதினொன்றையும் தூக்கிச் சாப்பிடுகிற ஒரு பாவம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதை எழுதத்தான் கை வரவில்லை.

சனிக்கிழமை மாலை வரிசையில் நின்றேன். வலைத்தடுப்புக்கு அந்தப்பக்கம் சாமியாரின் இருமல் கேட்டது. முதல் மூன்றையும் ஒப்புவித்தேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"இன்னும் இருக்கா?" என்றார்.

"ஒரு பொருளைத் தொடைச்சிட்டேன் சாமி" என்றேன்.

அந்தப்பக்கம் மறுபடி ஓர் இருமல். "தொடைக்கிறது பாவமில்லம்மா, நல்ல பழக்கம்" என்று சொல்லி, மூன்று தடவை 'அருள் நிறைந்த மரியே' ஜபம் மட்டும் சொல்லச் சொன்னார். சொன்னேன். மனம் ஆறவில்லை. சாமியாரையே ஏமாற்றி வாங்கிய மன்னிப்பு செல்லுமா செல்லாதா என்று இரவு முழுக்கப் புரண்டேன்.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து ஆட்டோ பிடித்தோம். தட்டு சித்தப்பாவின் மடியில், பிறந்த குழந்தைபோல். அம்மா வழியெல்லாம் ஜபமாலை உருட்டினாள். அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். எல்லோரும் கல்யாண பயத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ரகசியம் அவர்களுக்குத் தெரியாதே என்று பரிதாபமாக இருந்தது.

சித்தியின் வீடு தண்டவாளத்தை ஒட்டியது. ரயில் போனால் ஷோகேஸில் கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுக்கும். அச்சு முறுக்கும் கேக்கும் வந்தன. சித்தி சமையலறை வாசலில் நின்றாள். அவள் அப்பா நெடுநெடுவென்று, வெள்ளை மீசையோடு, நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். அவர் செய்தித்தாளைப் பிரித்தார். உறையைப் பார்த்ததும் அவருடைய புருவம் மேலே போனது.  தட்டை விளிம்பில் மட்டும் பிடித்து எடுத்து, பிளேயரில் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மீஞ்சூர் வண்டி வர்ற டயம். போவட்டும்" என்றார்.

ரயில் அதிர்ந்தால் ஊசி குதிக்கும் என்று அவர் எப்போதும் வண்டி பார்த்துத்தான் பாட்டு போடுவாராம். எல்லோரும் அந்த ரயிலுக்காகக் காத்திருந்தோம். அது வராமலே போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். வந்தது. கோப்பைகள் கிணுகிணுத்து ஓய்ந்தன. அவர் ஊசியை இறக்கினார்.

கரகரவென்று ஒரே இரைச்சல்.

மணலில் தகரத்தை இழுப்பதுபோல். பிறகு அதே இரைச்சலுக்குள் மேளம் தட்டி, ஊதுகுழல் ஊதி, ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். அழகான குரல்தான். ஆனால் எனக்குக் கரகரப்பு மட்டுமே கேட்டது. ஒவ்வொரு கரகரவும் என் துணி. இரண்டாவது சரணத்தில் அந்தப் பெண் திக்கினாள். ஒரே சொல்லை மூன்று தடவை சொன்னாள், டக் டக் டக்கென்று. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மேலே போனாள்.

சித்தப்பாவின் முகம் செத்துப்போனது. சமையலறை வாசலில் சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் தாத்தா!" என்று கத்திவிட்டேன். "கரித்தூள்னு நெனச்சித் தொடச்சிட்டேன்! சித்தப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க!"

அழுகையில் எனக்கு எதுவும் தெரியவில்லை. அடி விழும் என்று நினைத்தேன். அம்மாவின் குரல்தான் விழுந்தது.

"அவ இல்ல சார், கொயந்த இன்னா பண்ணும்? நான்தான். சோத்துப் பானைய அது மேல வெச்சிட்டேன். அட்டையில பாருங்க, வட்டமா தடமே கீது. சூட்டுல உருகிப்போச்சி போல. நாலு நாளா சொல்றதுக்கு வாய் வரல."

"நீ சும்மா இரு" என்றார் அப்பா. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "சார், ஏர்போர்ட்லேர்ந்து ஸ்கூட்டர்ல வரச்சொல்ல பைய முன்னாடி வெச்சி மேல கால வெச்சிக்கினு வந்தது நானு. பாதி வழி வர்ற வரைக்கும் உள்ள இன்னா கீதுன்னே தெரியாது. என் தம்பிய இதுல சேக்காதீங்க."

சித்தப்பா மெதுவாகச் சொன்னார்: "இவங்க யாரும் இல்ல மாமா. கப்பல்லயே மூணு வாட்டி மேலேர்ந்து கீழ வுந்துச்சி. கடலு அப்டி. பிரிச்சிப் பாக்க பயம்மா இருந்துச்சி. நான்தான்."

அறையில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சித்தியின் அப்பா எங்கள் நால்வரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஊசியைத் தூக்கினார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு உறைக்குள் இருந்த ஒரு தாளை எடுத்து, எறும்பு போன்ற இங்கிலீஷ் எழுத்துகளைக் கிட்டே பிடித்து வெகுநேரம் படித்தார். உறையில் இருந்த வளையத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மீசை மட்டும் ஆடியது. பிறகு தோள் குலுங்கியது. கடைசியில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"யோவ் மாப்ள, உன்ன நல்லா ஏமாத்திக்கிறான்யா அந்தக் கடக்காரன்" என்றார். "இது பழசே இல்ல. போன வருசத்து தட்டு. சின்னப் பசங்கோ பழைய காலத்து மாரி வேசம் கட்டிக்கினு பாடிக்கிறானுங்கோ. பழைய தட்டுல வர்ற எரச்சலக்கூட வேணும்னே சேத்துக்கிறானுங்களாம், இதுல போட்டுக்கீது. அட்டையில கீற வட்டமும் அச்சடிச்சது. தடவிப் பாரும்மா, வழவழன்னு கீது. உம் பான இன்னா பண்ணும்?"

அம்மா தடவிப் பார்த்தாள். நானும் தடவிப் பார்த்தேன். வழவழவென்றுதான் இருந்தது.

"அப்ப அந்த திக்குனது?" என்று அப்பா கேட்டார்.

சித்தியின் அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தட்டைத் திரும்பப் பிளேயரில் வைத்தார். என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"அதுவும்தான்" என்றார். "எல்லாம் அவனுங்கோ வேல. யாரும் ஒண்ணும் பண்ணல. இந்தா பாப்பா, மூக்கத் தொடச்சிக்கோ. தொடைக்கிறதுலதான் நீ கெட்டிக்காரியாச்சே."

அந்த நிமிஷம் என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரத்தைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வார்த்தை இல்லை. ஒரு முழு அச்சு முறுக்கை அப்படியே வாயில் போட்டுக்கொண்டேன். அவர் மாப்ள என்று கூப்பிட்டதைப் பெரியவர்கள் கவனித்திருக்கிறார்கள். நான் கவனிக்கவில்லை. சித்தி ஏன் சமையலறைக்குள் ஓடினாள், அம்மா ஏன் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. புதுப் பாட்டு பிடிக்காதவருக்கு இந்தப் புதுப் பாட்டு பிடித்துவிட்டது, அதனால் பெண் கொடுத்துவிட்டார் என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா கப்பல் ஏறுவதற்கு நான்கு நாள் முன்னால் கல்யாணம் நடந்தது. அவர் கடலில் இருந்த மாதங்களில் சித்தி எங்களோடுதான் இருந்தாள். தட்டு திருவொற்றியூரிலேயே தங்கிவிட்டது. நாங்கள் போகிறபோதெல்லாம் தாத்தா ரயில் பார்த்து அதைப் போடுவார். அந்தத் திக்குகிற இடம் வருவதற்கு முன்னால் விரலை உயர்த்துவார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்தச் சொல்லை மூன்று தடவை கத்துவோம். சுவீடன் பாஷை, அர்த்தம் யாருக்குத் தெரியும்? அந்த வீட்டில் அதுதான் எங்களுடைய பாட்டு.

தாத்தா போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது நான் தினமும் மெட்ரோ ரயிலில் ஏறி வேலைக்குப் போகிறேன். போன மாதம் ஒருநாள், உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில் போனைக் கிளறிக்கொண்டிருந்தபோது காவி வட்டங்கள் தெரிந்தன. கோடுபோட்ட கால்சட்டைகள், கோபுரக் கொண்டை, நடுவில் வெளுத்த வளையம். அந்தப் பெயரை இப்போதும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. காதில் மாட்டிக்கொண்டு போட்டேன். கரகரவென்று ஆரம்பித்தது. தாத்தா சொன்னது உண்மைதான். இரைச்சலைப் பாட்டோடு சேர்த்தே பதிந்திருந்தார்கள். எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது சரணம் வந்தது. என்னை அறியாமல் விரலை உயர்த்திவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பெண் திக்கவில்லை. அந்தச் சொல்லை ஒரே ஒரு தடவை, ஆற்றுத் தண்ணீர்போலச் சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். என் நிறுத்தம் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பிளாட்பாரத்தில் நின்றபடியே சித்திக்குப் போன் செய்தேன். குறுக்கே விழுந்திருந்த அந்த வெள்ளைக் கோட்டை, விரல் நீளம் என்பது உட்பட, பதினேழு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

சித்தி சிரித்தாள்.

"எங்கப்பாவுக்குத் தெரியாதா இன்னா? நாப்பது வருசம் தட்டோட பொயங்கின மனுசன். அன்னிக்கு நீங்கள்லாம் போனப்புறம் அந்த எடத்துலயே ஊசிய எடுத்து எடுத்து வெச்சிக் கேட்டுக்கினு கெடந்தாரு. 'நாலு பேரும் ஓடியாந்து நான்தான் நான்தான்னு நிக்கிறாங்கோ பாத்தியா, அந்த வூட்ல நீ தனியா இருக்க மாட்ட'ன்னாரு. அவ்ளோதான்."

"என்கிட்ட ஏன் சித்தி யாரும் சொல்லல?"

"கொயந்தகிட்ட எவனாவது சொல்வானா? போடி, வேலைக்கு நேரமாவல?"

நேரமாகித்தான் போயிருந்தது. ஆனாலும் அந்தப் பிளாட்பாரத்துப் பெஞ்சில் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். சாமியாரிடம் மறைத்ததை நினைத்து இத்தனை வருஷத்தில் எப்போதாவது உறுத்திக்கொண்டிருந்த ஒன்று, இல்லாமல் போயிருந்தது. ஒன்பது வயதில் அந்த அச்சு முறுக்கைக் கடித்தபோது, நான் தப்பித்துவிட்டேன் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். ஒருவர் என்னைத் தப்பவைத்தார் என்பது தெரியாது.